நூற்றிரண்டு வரை

நூற்றிரண்டு டிகிரியைத் தொட்டால்தான்
ரேடியேட்டர் விசிறி சுழல வேண்டும் என்று
எவரோ ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
அவர் மெஹிகாலியில் ஜூலையைப் பார்த்ததில்லை.
ஆறரைக்கே தார் இளகும் எல்லைச் சாலையில்
முந்நூறு வண்டிகளுக்குப் பின்னால்
ஓரடி நகர்ந்து, நின்று, ஓரடி நகர்ந்து
கலெக்சிகோவில் விடுதித் துணி வெளுக்கப் போனதில்லை.

என் வண்டிக்குச் சூடு உண்டு.
சொரணை வரத்தான் நேரமாகிறது.
முள் சிவப்பை முட்டும்.
தொடையோரம் இஸ்திரிப்பெட்டி வந்து உட்காரும்.
குப்பி நிரம்பிப் பச்சைநீர்
காலணியை நனைத்துச் சாலைக்கு ஓடும்.
பின்னால் இருப்பவன் ஹாரனில் கையை வைப்பான்.
அதற்கப்புறம்,
பதினாறாம் நாளுக்கு மறுநாள்
துக்கம் கேட்க வருகிற உறவு மாதிரி
ஒரு முனகலோடு விசிறி எழுந்துவரும்.

லியோன் வோங் கடையில் ஒரு சுவிட்ச் வாங்கினேன்.
நாற்பது பேசோ. ரப்பர் தொப்பி போட்டது.
"மழைக்கா?" என்றார்.
இந்த ஊரில் மழையைப் பற்றிக் கேட்கிற ஆள்
அவர் ஒருவர்தான்.

ஞாயிறு இரவு
டேங்கைக் கழற்றித் துண்டின்மேல் கிடத்தினேன்.
விசிறியிலிருந்து இரண்டு கம்பிகள்.
நீலம் நேரே பேட்டரிக்குப் போகிறது.
கறுப்பு, சென்சாரிடம் கேட்டுக்கொண்டுதான்
வண்டியின் இரும்பைத் தொடுகிறது.
கறுப்பில் ஓரிடம் தோலுரித்து
ஒரு கிளை பிரித்தேன்.
சென்சாரை வெட்டவில்லை.
அது தன் நேரத்தில் தன் வேலையைப் பார்க்கட்டும்.
முந்திக்கொள்ள எனக்கொரு வழி, அவ்வளவுதான்.
ஈயம் உருகிய வாசனை சமையலறையில் நின்றது.
ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டபடி ஹசிந்தோ,
"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா?" என்றான்.
சுருங்கு குழாயை லைட்டரில் காட்டினேன்.
அது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.
நானும் வாயை.

திங்கள்.
முள் பாதியைத் தாண்டியதும்
இடது கட்டைவிரலால் ஒரு தட்டு.
உர்ர்ர்.
முள் யோசித்தது. நின்றது. இறங்கியது.
முந்நூறு வண்டிகளில்
சிரித்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்தி.

சாவடியில் அதிகாரி
அட்டையில் ஹெர்லிண்டா என்று வாசித்துவிட்டு
கைப்பிடியைப் பார்த்தார்.
"இது என்ன?"
"விசிறிக்கு."
"வண்டியிலேயே இருக்குமே?"
"இருக்கிறது. தாமதமாக."
அணைத்துப் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன்.
வெந்த காற்று அவர் கால்சட்டையைப் பிடித்து உலுக்கியது.
கம்பி போகும் வழியை விரலால் தொடர்ந்தார்,
டேங்கின் அடியில் தொலைத்தார்,
போ என்றார்.

போனேன்.
சலவைக்கூடத்தின் பின்சுவரில்
ஒன்பது உலர்த்திகள் இரையும் இடத்தில் நிறுத்தினேன்.
சாவியை எடுத்த பின்னும் கொஞ்சம் சுற்றுவது
இந்த விசிறியின் பழைய பழக்கம்.
திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு மணி நேரம்
ஆளில்லாத, ஆறிப்போன வண்டிக்கு
அது வீசிக்கொண்டே இருந்திருக்கிறது,
மூச்சு நிற்கும்வரை.

மாலையில் சாவியைத் திருப்பினேன். டிக்.
ஓடித் தள்ளிப் பார்த்தேன். அதுவும் இல்லை.
தெற்கே வருகிறவர்களுக்கு வரிசை கிடையாது,
கேள்வியும் கிடையாது.
நூற்றைம்பது கிலோ. நாற்பத்தாறு டிகிரி.
சென்சார் ஒருநாளும்
எனக்கு இப்படிச் செய்ததில்லை
என்பதை ஒப்புக்கொண்டேன்,
ஹசிந்தோவுக்குக் கேட்காத தூரத்தில்.

நேரே வோங் கடை.
ஒரு ரிலே வேண்டும், சாவியோடு சேர்ந்து சாக.
பட்டாணி அளவில் சிவப்பு விளக்கொன்று,
ஓடும்போது எரிய.
கல்லாவில் சொட்டச் சொட்ட நின்றேன்,
முடியிலிருந்து, முழங்கையிலிருந்து.
அவர் தெருவை எட்டிப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.

"மழையா?"

ஆமாம் என்றேன்.